குளிரும் ஈரமும் தாங்கும் மேற்சட்டை

வட அமெரிக்காவில் வேட்டையாடுவோர், மலையேறுவோர் ஆகியோரிடையே ஒரு சொல் வழங்குகிறது. ‘பருத்தி கொல்லும்’ என்பது அது. பருத்தியை விளைத்தும் நூற்றும் நெய்தும் பிழைக்கும் நமக்கு இச்சொல் செவிக்கு இனிதன்று. ஆயினும், தம் சரக்கின் குறையைப் பிறர் வாயிலாகக் கேட்கும்போது சினங்கொள்வதைவிட, அக்குறை எவ்விடத்தில் உண்மை, எவ்விடத்தில் மிகை என்று ஆராய்வதே தொழிலறிந்தோர் செய்யத்தக்கது. இவ்விதழின் துணிப் பாடத்தில் அவ்வாராய்ச்சியை மேற்கொள்கிறோம். அதற்கு உரைகல்லாக நாம் எடுத்துக்கொண்டது, குளிரிலும் மழையிலும் நீர்ப்பறவை வேட்டைக்குச் செல்வோர் அணியும் மேற்சட்டை.

வேட்டையைக் கற்பிப்பது நம் நோக்கமன்று. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அதற்கு இடமுமில்லை. வேடந்தாங்கலில் பறவைகளின் அமைதி குலையலாகாது என்று தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த ஊராரின் வழியில் வந்தவர்கள் நாம். அமெரிக்காவிலோ இவ்வேட்டை சட்டத்தின் வரம்புக்குள் நடைபெறுகிறது. 1934 முதல், வேட்டைக்காரர் ஆண்டுதோறும் ஒரு கூட்டாட்சி முத்திரையை வாங்க வேண்டும். அப்பணத்தைக் கொண்டு சதுப்பு நிலங்களை விலைக்கு வாங்கிப் பறவைகளுக்கென ஒதுக்குகிறார்கள். இது நிற்க. துணியின் குணத்தை இவ்வளவு கடுமையாகச் சோதிக்கும் தொழில் வேறு சிலவே உண்டு என்பதால்தான் இதைத் தேர்ந்துகொண்டோம்.

அவ்வேட்டைக்காரரின் ஒரு நாளை முதலில் மனத்தில் கொள்ளல் வேண்டும். விடியலுக்கு ஓரிரு மணி நேரம் முன்பே அவர் ஏரிக்கரைக்கு வந்துவிடுகிறார். போலி வாத்துகள் நிறைந்த மூட்டையைத் தோளில் சுமந்து, சேற்றிலும் நீரிலும் நெடுந்தூரம் நடக்கிறார். அல்லது துடுப்புப் போட்டுப் படகைச் செலுத்துகிறார். இவ்வுழைப்பில் உடல் வேர்க்கிறது. பின்னர், போலி வாத்துகளை ஒவ்வொன்றாக நீரில் மிதக்கவிடுகையில் கைகள் மணிக்கட்டு வரை நனைகின்றன. அதன்பின் நாணலால் வேய்ந்த மறைவிடத்தில் அசையாமல் நான்கு மணி, ஐந்து மணி நேரம் அமர்ந்திருக்கிறார். முதலில் வேர்வை, பிறகு அசைவின்மை. உள்ளிருந்து ஓர் ஈரம். வெளியிலிருந்து ஓர் ஈரம். இதற்கு மேல், வானம் தெளிந்திருக்கும் நாளில் வாத்துகள் உயரப் பறந்து போய்விடும். காற்றும் தூறலும் பனிமழையும் உள்ள நாளில்தான் தாழ்ந்து வரும். ஆகையால், பிறர் வீட்டை விட்டு வெளிவராத நாளையே இவர் விரும்பித் தேடுகிறார்.

அவ்விருப்பம் என்ன விலை கேட்கும் என்பதை 1940ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் காட்டியது. முதல் உலகப் போர் ஓய்ந்ததன் நினைவு நாளாகிய அன்று அமெரிக்காவில் விடுமுறை. மின்னசோட்டா மாநிலத்திலும் அண்டை மாநிலங்களிலும் மிசிசிப்பி ஆற்றின் கிளை நீர்களுக்கும் தீவுகளுக்கும் வேட்டைக்காரர் திரளாகச் சென்றனர். காலையில் நவம்பருக்குப் பொருந்தாத இதமான வெப்பம். பலர் மெல்லிய கித்தான் சட்டையோடு புறப்பட்டனர். கனத்த மேலங்கியை வீட்டிலேயே விட்டுச் சென்றனர். நடுப்பகலை ஒட்டிக் காற்று திரும்பிற்று. முதலில் மழை, பிறகு பனிமழை, பிறகு கண்ணை மறைக்கும் பனிப்புயல். வாத்துகளோ அதுவரை எவரும் காணாத அளவில் கூட்டங்கூட்டமாக வந்திறங்கின. அதைக் கண்டு, திரும்ப வேண்டிய வேளையில் பலர் திரும்பவில்லை. திரும்ப எண்ணியபோது ஆற்றில் எழுந்த அலை சிறு படகுகளை விடவில்லை. ஒரு நாளைக்குள் வெப்பம் சில இடங்களில் பாரன்ஹீட் அளவில் 50 பாகை, அஃதாவது செல்சியசில் ஏறத்தாழ 28 பாகை வீழ்ந்தது.

நனைந்த சட்டையோடு அவர்கள் அவ்விரவைத் தீவுகளில் கழித்தனர். படகைக் கவிழ்த்து அதன் மறைவில் ஒடுங்கியவர்களும் உண்டு. மின்னசோட்டாவில் மட்டும் அப்புயலில் 49 பேர் இறந்தனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் வாத்து வேட்டைக்குச் சென்றவர்கள். வினோனா ஊரைச் சேர்ந்த விமானி மேக்ஸ் கான்ராட், காற்று முற்றும் தணியுமுன்னரே ஒரு சிறு விமானத்தில் ஆற்றின்மேல் தாழப் பறந்து, உயிரோடிருந்தவர்களைத் தேடிக் கண்டார். உணவும் தீப்பெட்டியும் அடங்கிய தகரப் பெட்டிகளை அவர்களிடம் போட்டு, மீட்புப் படகுகளுக்கும் வழிகாட்டினார். அவரால் பிழைத்தவர் பலர். இறந்தவர்கள் அறியாதவர்களோ கோழைகளோ அல்லர், ஆற்றை நன்கறிந்தவர்கள். அன்று அவர்களை முதலில் கைவிட்டது உடல்மேல் இருந்த துணி.

துணி எவ்வாறு கைவிடுகிறது? துணி வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உடலின் வெப்பத்தை வெளியே போகாமல் தடுப்பது ஒன்றே அதன் வேலை. அதிலும் உண்மையில் தடுப்பது இழையன்று. இழைகளுக்கிடையே சிறைப்பட்டு நிற்கும் காற்று. அக்காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்துவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. அசையாத காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தவல்லது. இது ஒரு கேடு. மற்றொன்றை நம் இல்லத்து மண்பானை விளக்கும். பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போது, உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அதனால் உள்நீர் குளிர்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். நனைந்த சட்டையணிந்து காற்றில் நிற்பவர் தாமே ஒரு மண்பானை ஆகிவிடுகிறார். சித்திரை வெயிலில் இது நமக்கு இன்பம். பனிபெய்யும் ஏரிக்கரையில், உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழ் இறங்கும்போது முதலில் விரல்கள் சொன்னபடி கேளா. பிறகு அறிவும் சொன்னபடி கேளாது.

இனி இழைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். இயல்பான காற்றில் வைத்த பருத்தி, தன் உலர்ந்த எடையில் 8.5 சதவிகிதம் ஈரத்தைத் தனக்குள் வைத்துக்கொண்டிருக்கும். பஞ்சு வாணிகத்தில் பழகிய நம் உறுப்பினர்கள் இவ்வளவை அறிவர். கம்பளி ஏறத்தாழ 16 சதவிகிதம் கொள்ளும். பாலியெஸ்டரோ 0.4 சதவிகிதமே. இக்கணக்கைப் பார்த்துக் கம்பளியே மிக நனையும் என்று முடிவுகட்டிவிடலாகாது. கம்பளி ஈரத்தை இழையின் உட்புறத்தில் வாங்கிக்கொள்கிறது. அதன் மேற்புறச் செதில்கள் நீர்த்துளியை ஒட்டவிடுவதில்லை. தன் எடையில் மூன்றிலொரு பங்கு வரை ஈரத்தை வாங்கியபின்னும் தோலுக்கு நனைந்ததாகத் தோன்றாது. அன்றியும், ஈரத்தை உறிஞ்சும்போது கம்பளி சிறிதளவு வெப்பத்தை வெளிவிடுகிறது. அதன் இழை இயல்பிலேயே சுருண்டிருப்பதால், நனைந்தபோதும் இழைக்கு இழை ஒட்டாமல் இடையிற் காற்று நிற்கிறது.

பருத்தியின் இயல்பு வேறு. அதன் மேற்பரப்பே நீரை விரும்புவது. வேர்வைத் துளி பட்டவுடன் அதைப் பரப்பிக்கொள்கிறது, இழைகள் துவண்டு ஒன்றோடொன்று ஒட்டி, துணி தோலோடு படிந்துவிடுகிறது, காற்றுக்கு இடமில்லை. உலர்வதற்கும் நெடுநேரமாகும். கோடையில் பருத்தியை நாம் போற்றும் காரணங்கள் எவையோ அவையே குளிரில் அதைப் பகையாக்குகின்றன. ஆதலின், தோலை ஒட்டி அணியும் உட்சட்டையைப் பொறுத்தவரையில் அமெரிக்கர் சொல் உண்மை என்று நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வாத்து வேட்டைக்குச் செல்பவர் பருத்தி உட்சட்டை அணிவது தவறு. கம்பளியோ பாலியெஸ்டரோதான் அங்கே தக்கது. பின்னலாடையே தொழிலாகக் கொண்ட நம் கொங்கு நாட்டு அன்பர்கள் இவ்வுண்மையைக் கேட்டு முகஞ்சுளிக்க வேண்டியதில்லை. எங்கே எது தகும் என்று அறிந்தவரிடமே வாங்குவோர் நம்பி வருவர்.

ஆனால், எல்லாவற்றுக்கும் வெளியே அணியும் மேற்சட்டையின் கதை வேறு. அங்கே பருத்திக்கு ஒரு நீண்ட, பெருமைமிக்க வரலாறு உண்டு.

பாய்மரக் காலத்து மாலுமிகள், எண்ணெய் தோய்ந்த பாய் காற்றை நன்றாகப் பிடிப்பதையும் நீரை உறிஞ்சாதிருப்பதையும் கண்டனர். கிழிந்த பாயை வெட்டி அங்கியாகத் தைத்துக்கொண்டனர். பிறகு ஆளிவிதை எண்ணெய் பூசிய துணி வந்தது. அது மழையைத் தடுத்தது. எனினும் நாளாக ஆக மஞ்சளித்து, குளிரில் விறைத்து, மடித்த இடத்தில் வெடித்தது. அக்குறையை நீக்கியது கனிம மெழுகு ஊட்டிய பருத்தித் துணி. இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸ் துறைமுகத்தில் 1894இல் தொடங்கிய பார்பர் நிறுவனம் மீனவர்க்கும் மாலுமிகட்கும் இத்தகைய அங்கிகளை விற்றே பெயர் பெற்றது. அமெரிக்காவில் கனத்த கித்தானுக்கு மெழுகூட்டிய துணியைத் ‘தகரத் துணி’ என்றே அழைத்தனர், அவ்வளவு விறைப்பு. கித்தானுக்கு ஆங்கிலத்தில் ‘டக்’ என்ற பெயருண்டு. வாத்துக்கும் அதே பெயர்தான். வாத்து வேட்டைக்கு அணிந்ததால் வந்த பெயர் என்று எண்ணிவிட வேண்டா. துணியைக் குறிக்கும் டச்சுச் சொல்லின் திரிபு அது.

மெழுகுத் துணியின் நன்மைகள் பல. காற்று புகாது. முள்ளும் நாணலும் கிழிக்கமாட்டா. அடுப்புப் பொறி பட்டால் செயற்கை இழையைப்போல் உருகி ஓட்டையாவதில்லை. பத்தாண்டு, இருபதாண்டு உழைக்கும். மெழுகு குறைந்த இடத்தில் ஆண்டுக்கொரு முறை சூடான மெழுகைத் தேய்த்து ஏற்றிக்கொள்ளலாம். குறைகளும் உண்டு: எடை மிகுதி, கடுங்குளிரில் விறைக்கும், நாள் முழுதும் பெய்யும் மழையில் தையல் வழியாகவும் தோட்பட்டை வழியாகவும் கடைசியில் நீர் கசியும். இத்தையல் விஷயத்தில் ஒரு நுட்பம் காணத்தக்கது. ஊசி குத்திய இடமெல்லாம் நீருக்கு ஒரு வாயில். ஆகவே, நடுவில் பாலியெஸ்டரும் அதைச் சுற்றிப் பருத்தியும் அமைந்த நூலால் தைக்கிறார்கள். பாலியெஸ்டர் வலுவைத் தருகிறது. பருத்தி நனைந்தவுடன் பருத்து ஊசித்துளையை அடைத்துக்கொள்கிறது.

நனைந்தால் பருக்கும் இக்குணத்தையே ஒரு துணி முழுமைக்கும் பயன்படுத்தியவர்கள் மான்செஸ்டரில் இருந்த ஷர்லி ஆராய்ச்சி நிலையத்தார். அது பிரிட்டிஷ் பருத்தித் தொழிலினர் கூடி அமைத்த ஆராய்ச்சிச் சங்கத்தின் நிலையம். கூட்டுறவாளராகிய நாம் கருத்தில் கொள்ளத்தக்க செய்தி. இரண்டாம் உலகப் போர் நெருங்கிய காலத்தில், தீயணைப்புக் குழாய்க்கும் வாளிக்கும் வேண்டிய ஆளி நார் கிடைக்காமற் போகுமோ என்ற அச்சம் எழுந்தது. அதற்கு மாற்றாகப் பருத்தியால் நீர் கசியாத துணி நெய்ய முடியுமா என்று அவர்கள் முயன்றனர். அம்முயற்சியிற் பிறந்தது ‘வென்டைல்’ என்னும் துணி. மெழுகில்லை, இரப்பர் இல்லை, சவ்வு இல்லை. நெசவின் திறமை ஒன்றே அதன் காப்பு.

அதன் அமைப்பைத் தறியறிந்த உறுப்பினர்கள் எளிதில் உணர்வர். மிக நீண்ட இழைப் பஞ்சு மட்டுமே தேர்ந்தெடுக்கப்படும். பாவில் இரண்டிரண்டு இழைகள் சேர்ந்து ஓரிழைபோல் நிற்க, ஊடை அவற்றின் மேலும் கீழுமாக ஓடும் ‘ஆக்ஸ்போர்டு’ நெசவு. இதில் இழைகள் அதிகம் வளைந்தேறி இறங்காமையால், சாதா நெசவில் அடிக்க முடியாத நெருக்கத்தில் ஊடையை அடிக்கலாம். வழக்கமான துணியைவிட 30 சதவிகிதம் வரை மிகுதியான நூல் அதற்குள் செல்கிறது என்பர். உலர்ந்திருக்கையில் அதன் வழியே வேர்வை ஆவி வெளியேறும். மழை பட்டதும் இழைகள் பருத்து, இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். வாயிற்காவலன் தானே கதவாக மாறிவிடுவது போன்ற செயல்.

அத்துணி 1943 முதல் பிரிட்டிஷ் விமானப்படையினருக்கு உடையாயிற்று. ஆர்க்டிக் கடல் வழியாகச் சென்ற சரக்குக் கப்பல்கள் சிலவற்றில் ஒரே ஒரு போர் விமானத்தை விசைப்பொறியால் எறிந்து பறக்கவிடுவர். திரும்பி இறங்குவதற்கு அக்கப்பலில் தளம் கிடையாது. வேலை முடிந்ததும் விமானி கடலிலேதான் குதிக்க வேண்டும். சில நிமிடங்களில் உயிர் போகும் அந்நீரில், மீட்புப் படகு வரும்வரை அவரைக் காக்க வேண்டிய பொறுப்பு பருத்தித் துணியின்மேல் விழுந்தது. அத்துணி அப்பொறுப்பை ஏற்றுப் பலரைக் காத்தது. ‘பருத்தி கொல்லும்’ என்பவரிடம் நாம் சொல்லத்தக்க மறுமொழி இது.

இத்தகைய துணிக்கு வேண்டிய மிக நீண்ட இழை நம் நாட்டுக்குப் புதிதன்று. சுஜாதா, செயின்ட் வின்சென்ட் என்னும் இரு வகைகளைக் கலந்து கோயமுத்தூரில் உருவாக்கி 1974இல் வெளியிட்ட ‘சுவின்’ பருத்தி, உலகின் மிக நீண்ட இழை வகைகளுள் ஒன்று. விளைச்சல் காலம் நீண்டதாலும் கையால் பறிக்கும் கூலி மிகுந்ததாலும் அதைப் பயிரிடுவோர் குறைந்துபோயினர் என்பது வருத்தத்துக்குரியது. அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

பருத்திக்கு இவ்வளவு பரிந்து பேசிய நாம், நடுநிலையும் பிறழலாகாது. ஆறு மணி நேரம் விடாது பெய்யும் பனிமழையில் அசையாமல் அமர்ந்திருப்பவருக்கு, இக்காலத்தில் சவ்வு வைத்த மேற்சட்டையே மேலானது என்பது எம் முடிவு. முற்றும் நனைந்த வென்டைல் உள்ளே நீரை விடாவிட்டாலும், கனத்து விறைத்து, மறுநாள் வேட்டைக்குள் உலராமல் நின்றுவிடுகிறது.

சவ்வின் கதையைச் சுருக்கமாகச் சொல்வோம். 1823இல் சார்லஸ் மக்கின்டாஷ் இரண்டு துணிகளுக்கிடையே இரப்பரை வைத்து மழையங்கி செய்தார். மழை நுழையவில்லை, வேர்வையும் வெளியேறவில்லை. உள்ளிருப்பவர் தம் வேர்வையிலேயே நனைந்தார். அச்சிக்கல் தீர நெடுங்காலம் ஆயிற்று. 1969இல் அமெரிக்கரான பாப் கோர், டெஃப்லான் என்னும் பொருளைச் சூடாக்கிச் சட்டென்று இழுத்தபோது, அது அறுந்துபோகாமல் நுண்துளைகள் நிறைந்த சவ்வாக நீண்டது. அத்துளை நீர்த்துளியைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறிது. நீராவியின் மூலக்கூற்றைவிடப் பல நூறு மடங்கு பெரிது. எனவே துளி நுழையாது, ஆவி வெளியேறும். 1976 முதல் அச்சவ்வு மேற்சட்டைகளில் வந்தது. இன்று வேறு பலரும் வேறு வகைச் சவ்வுகளைச் செய்கின்றனர்.

இத்தகைய சட்டைகளின் சீட்டில் இரண்டு எண்கள் காணப்படும். ஒன்று 10,000 அல்லது 20,000 மில்லிமீட்டர் என்று இருக்கும். துணியை இறுகப் பிடித்து, அதன்மேல் நீரின் அழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி, மூன்றாம் துளி மறுபுறம் தோன்றும்போது நீர்த்தூணின் உயரத்தைக் குறிப்பர். 10,000 என்றால் பத்து மீட்டர் உயரமுள்ள நீரைத் தாங்கும் என்று பொருள். பெய்யும் மழைக்கு இவ்வளவு வேண்டுமா என்று கேட்கலாம். மழைக்கு வேண்டாம். ஈரப் பலகையில் அமரும்போதும், மூட்டையின் பட்டை தோளை அழுத்தும்போதும் வேண்டும். வென்டைல் தாங்குவது இதில் ஒரு சிறு பங்கே. இரண்டாம் எண், ஒரு சதுர மீட்டர் துணி வழியே 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் ஆவி வெளியேறும் என்பது. இதை அளக்கும் முறைகள் பல. ஒருவர் எண்ணை மற்றொருவர் எண்ணோடு ஒப்பிடுவது, ஒரு ஊர் மரக்காலை மற்றொரு ஊர்ப் படியோடு ஒப்பிடுவது போலாகும். ஆகையால் இரண்டாம் எண்ணை அதிகம் நம்ப வேண்டா.

சவ்வு மெல்லியது, தனியே நில்லாது. வெளியே நைலான் அல்லது பாலியெஸ்டர்த் துணியும் உள்ளே மெல்லிய பின்னல் துணியும் ஒட்டியிருக்கும். வெளித்துணியின்மேல் நீரொட்டாத ஒரு பூச்சு உண்டு. அது தேய்ந்துவிட்டால் வெளித்துணி ஊறிப் போகும். சவ்வின் துளைகளுக்கு முன்னே நீர்த்திரை நின்றுவிடுவதால் வேர்வை ஆவி வெளியேறாது. உள்ளிருப்பவர், சட்டை ஒழுகுகிறது என்று விற்றவரைக் குறைகூறுவார். ஒழுகுவதன்று அது, தம் வேர்வையே. நெடுங்காலமாக அப்பூச்சுக்கு ஃப்ளூரின் சேர்ந்த இரசாயனங்களைப் பயன்படுத்தி வந்தனர். அவை சிதையாமல் நீரிலும் மண்ணிலும் தங்குவன என்பது தெரிந்தபின், கலிபோர்னியா, நியூயார்க் மாநிலங்கள் 2025 சனவரி முதல் ஆடைகளில் அவற்றைத் தடுத்துள்ளன. கடுமழைக்கான உடைகளுக்கு மட்டும் சிறிது தவணை உண்டு. புதிய பூச்சுகள் எண்ணெய்ப்பிசுக்கைத் தாங்குவதில் சற்றுப் பின்தங்கியவை. ஆதலால் சட்டையைத் துவைத்துத் தூய்மையாக வைப்பது முன்னிலும் தேவையாகிவிட்டது.

குளிரைத் தடுக்கும் உள்ளீடு மேற்சட்டையோடு தைக்கப்பட்டிருக்க வேண்டுமா, தனியே இருக்க வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. தனியே இருப்பதே நன்று. போலி வாத்து மூட்டையைச் சுமந்து நடக்கையில் உள்ளீட்டைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளலாம், அமர்ந்தபின் அணிந்துகொள்ளலாம். நடக்கும்போது வேர்க்காதிருப்பதே அமர்ந்திருக்கும்போது நடுங்காதிருப்பதற்கு வழி. உள்ளீட்டுப் பொருள்களுள் எடைக்கு எடை மிகுந்த வெப்பந் தருவது வாத்தின் மென்தூவி. வாத்தைக் குளிரினின்று காப்பது எதுவோ அதை அணிந்துதான் வாத்தைச் சுடப் போகிறார்கள். ஆனால் அத்தூவி வாத்தின் மேலிருக்கும்போது அதன்மீது எண்ணெய் பூசிய இறகு கவிந்திருக்கிறது, சட்டைக்குள் அப்படியன்று. நனைந்தால் கட்டிகட்டியாகத் திரண்டு பயனற்றுப் போகும். சதுப்பு நிலத்தில் செயற்கை நார் அட்டையோ, துய்யெழுப்பிய பாலியெஸ்டரோ, கனத்த கம்பளியோ நம்பத்தக்கது.

வெட்டும் தையலும் துணிக்கு நிகராக முக்கியம். இவ்வேட்டைக்காரர் மார்புவரை ஏறும் இரப்பர்க் காலுடையை அணிவர். ஆங்கிலத்தில் அதை ‘வேடர்ஸ்’ என்பர். நம் வேடருக்கும் அதற்கும் உறவில்லை. நீரில் நடத்தல் என்னும் சொல்லிலிருந்து வந்தது. அதன்மேல் அணியும் சட்டை இடுப்பளவில் நிற்க வேண்டும். தொடைவரை நீண்டால் ஓரம் நீரில் தோய்ந்து, திரிபோல் நீரை மேலே இழுக்கும். மணிக்கட்டில் இறுகப் பிடிக்கும் நியோப்ரீன் பட்டை வேண்டும். இல்லையேல் போலி வாத்தை எடுக்கக் கையை நீரில் விட்டதும் நீர் முழங்கை வரை ஓடும். எம் கருத்தில், இந்தச் சட்டையின் மதிப்பை முடிவு செய்யும் உறுப்பு மணிக்கட்டுப் பட்டையே. தலைமூடி, தலையோடு சேர்ந்து திரும்ப வேண்டும். பக்கப் பார்வையையும் செவியையும் அடைக்கலாகாது. குண்டுப் பைகளின் அடியில் நீர் வடிய ஒரு கண் வேண்டும். கொக்கிநாரால் மூடும் பைகள் பிரிக்கும்போது கரகரவென்று ஒலிக்கும். அவ்வொலிக்கு வாத்து நில்லாது. ஆகவே காந்தப் பொத்தான் நன்று. உராய்ந்தால் சரசரக்கும் நைலானைவிடத் துய்யெழுப்பிய மேற்பரப்பு அமைதியானது.

நிறம் காய்ந்த நாணலை ஒத்திருந்தால் போதும். பளபளப்பு மட்டும் கூடாது. பறவைகளுக்கு நம் கண்ணுக்குப் புலப்படாத புறஊதா ஒளியும் தெரியும். வெள்ளையாகத் துலக்கும் சரக்குச் சேர்ந்த சலவைத் தூளில் துவைத்த சட்டை அவ்வொளியில் மின்னும்.

ஓர் எச்சரிக்கை. எவ்வளவு உயர்ந்த சட்டையும் மிதவை அங்கி ஆகாது. படகு கவிழ்ந்தால், கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் கார்டன் கீஸ்பிரெக்ட் கற்பிக்கும் கணக்கு நினைவிருக்க வேண்டும்: மூச்சை அடக்கி நிலைப்படுத்த 1 நிமிடம், கைகால் பயன்படும் காலம் ஏறத்தாழ 10 நிமிடம், உணர்விழக்க 1 மணி. அந்தப் பத்து நிமிடத்துக்குப் பின் நீந்தத் தெரிந்தவரும் நீந்த முடியாது. ஆதலின் மேற்சட்டை வாங்கும்போதே, அதன்மேல் மிதவை அங்கியைப் பூட்டிப் பார்த்து வாங்க வேண்டும்.

பேணும் முறை இரு வகைத் துணிக்கும் நேர் எதிரானது. மெழுகுத் துணியைச் சவுக்காரமிட்டுத் துவைத்தால் மெழுகு போய்விடும். குளிர்ந்த நீரில் நனைத்த பஞ்சால் துடைத்து நிழலில் தொங்கவிடுவதே முறை. சவ்வுச் சட்டையைத் துவைக்காமல் விட்டால் கெடும். மென்மையூட்டும் திரவம் சேர்க்காமல் துவைத்து, மிதமான சூட்டில் உலர்த்தினால், தளர்ந்த பூச்சு ஓரளவு மீண்டும் உயிர்பெறும்.

கடையில் சோதிக்கும் வழிகள் சில உண்டு. துணியை வாயில் வைத்து ஊதிப் பார்த்தால் காற்று புகுமா என்பது தெரியும். கைப்பகுதியில் நீர் தெளித்தால் துளி முத்தாக உருள வேண்டும். பரவினால் பூச்சு மட்டம். பிறகு, உள்ளே அணியப்போகும் கம்பளியையும் அணிந்துகொண்டு சட்டையைப் போட்டு, ஒரு தாழ்ந்த முக்காலியில் அமர்ந்து, துப்பாக்கியைத் தூக்குவதுபோல் இரு கைகளையும் தோளுக்கு உயர்த்திப் பார்க்க வேண்டும். முதுகு இறுகாமலும், மணிக்கட்டுப் பட்டை மேலேறாமலும், இடுப்பில் குளிர்காற்றுக்கு இடைவெளி விடாமலும் இருந்தால், அதற்குப் பின் விலையைக் கேட்கலாம்.